நடுகல் தேடும் குழுவில், வட்டெழுத்து அறியாதவருக்கு என்ன வேலை?

கேள்வி: ஓய்வுபெற்றவன்
பணி ஓய்வுக்குப் பின் திருவண்ணாமலை மாவட்டத்தில் குடியேறியுள்ள நான், இங்குள்ள வரலாற்று ஆய்வுக் குழு ஒன்றில் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். ஞாயிறுதோறும் செங்கம் பகுதியில் நடுகற்களையும் (இறந்துபட்ட வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்கள்) கல்வெட்டுகளையும் தேடிச் செல்கிறார்கள். அவற்றிலுள்ள வட்டெழுத்து, கிரந்தம் போன்ற பழைய எழுத்துகள் எனக்குப் படிக்கத் தெரியாது. என்னால் குழுவுக்குப் பயன் உண்டா, கூடச் சென்று வேடிக்கை பார்ப்பதோடு சரியா?

மறுமொழி: ஏரிக்கரையான்
எழுத்து படிப்பவர் குழுவுக்கு ஒருவர் இருந்தாலே போதும் ஐயா. ஊராரிடம் பொறுமையாகப் பேசுபவர்தான் கிடைப்பதில்லை. இப்பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுவதால், "நடுகல் எங்கே?" என்று கேட்டால் கைவிரிப்பவர்கள், வேடியப்பன் கோயிலைக் கேட்டால் உடனே வழிகாட்டுவார்கள். பூசாரியின் இசைவு இல்லாமல் கல்லைத் தொடக்கூடாது. படித்தறிந்ததை ஊராருக்குச் சொல்லாமல் திரும்பவும் கூடாது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில், தலைவன் இறந்துபட்ட இடத்தில் கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தங்கள் ஊர்க் கல்லிலும் இப்படி ஒரு செய்தி இருப்பதாக அறிந்தவர்கள், அதைப் பெயர்த்துச் சாலைக்குப் போட விடமாட்டார்கள்.

மறுமொழி: மைப்படி
கல்லிலுள்ள எழுத்தைத் தாளில் மையால் படியெடுக்கும்போதும் ஆள் தேவை. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் அது பதியும்வரை தூரிகையால் தட்டி, ஈரம் சற்று வற்றியதும் மை ஒற்ற வேண்டும். இடையில் காற்றடித்தால் தாள் பெயர்ந்துவிடும் என்பதால் ஓரங்களைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். எழுத்து தெரிவதற்காகச் சிலர் மைதா மாவையோ சுண்ணக்கட்டியையோ தேய்க்கிறார்கள். எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. மாலைச் சாய்வெயிலில் படமெடுத்தாலே பெரும்பாலும் எழுத்து துலங்கும். கல்லின் உயரம், அகலம், அது பார்த்திருக்கும் திசை, நிலத்தின் புல எண் (சர்வே எண்) ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அலுவலகக் கோப்புகளோடு பழகியவர்கள் இதைத் திருத்தமாகச் செய்வார்கள்.

மறுமொழி: தொல்லியல் ஆர்வலன்
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆர்வ மிகுதியால் எங்கும் தோண்டிவிடாதீர்கள். உரிமம் இன்றி அகழ்வது குற்றம். மண்ணில் புதைந்திருந்து வெளிப்படும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்துமூலம் தெரிவிக்கலாம். அதுபோலவே, புதிதாகக் கண்ட கல்லின் துல்லியமான இருப்பிடத்தை அன்றிரவே முகநூலில் போடுவதை நான் எதிர்க்கிறேன். கல்லுக்கடியில் புதையல் இருப்பதாக நம்பிக் கடப்பாரையோடு வருபவர்களும் அதைப் படிக்கிறார்கள்.