பல்ப் மாற்றப் பம்பரைக் கழற்ற வேண்டுமாம்!

கோண்டாவில்காரன்:
இடப்பக்க ஹெட்லைற் பல்ப் போய்விட்டது. ஜப்பான் சின்னக் கார், ஹலஜன் பல்ப். பொனற்றைத் திறந்தால் பற்றரிக்கும் லைற்றுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் போகிறது. பல்பைப் பிடித்திருக்கும் கம்பி கைக்குத் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கராச்சில் கேட்டால் "பம்பர் கழற்ற வேணும், காரை விட்டுட்டுப் போங்கோ" என்கிறார்கள்.

அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 என்ற பழைய இங்கிலாந்துக் கார் இருந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் விடாத பொருளாதாரத் தடை நேரம் காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார். மண்ணெண்ணெய்க் கரி பிடித்த பிளக்கை முற்றத்திலேயே கழற்றித் துடைப்பார். எங்கே கை வைத்தாலும் இடம் இருந்தது. இதில் ஒரு பல்புக்கு இவ்வளவு பாடா? வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மானிப்பாய் பெடியன்:
பற்றரியைத் தூக்கிப் பாருங்கள் அண்ணை. நெகற்றிவ் வயரை முதலில் கழற்றுங்கள். ரேடியோ செற்றிங் அழியும், அவ்வளவுதான்.

பழைய ஸ்பானர்:
தம்பி, பற்றரியைத் தூக்கியும் கை போகாவிட்டால் சில்லுப் பக்கத்தால் போங்கள். ஸ்ரியரிங்கை முழுதாக வலப்பக்கம் வெட்டினால் இடச் சில்லுக்கு முன்னால் இடம் கிடைக்கும். மட்காட்டுக்குள் இருக்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் தட்டின் முன்பக்கக் கிளிப்புகளை மட்டும் எடுத்து மடித்துப் பிடியுங்கள். கிளிப்பின் நடு ஆணியைக் கிளப்பிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். எங்கள் வெயிலுக்கு அது காய்ந்து பப்படம் மாதிரி நொறுங்கும். புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி, பல்ப் கெதியில் போய்விடும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், தொழிற்சாலையில் லைற் முதலில் ஏறும், பம்பர் பிறகுதான் வரும். பூட்டுகிறவனுக்குச் சுகம். கழற்றப்போகிறவனை யார் நினைத்தது? ஐ.நா.வின் வாகன விளக்கு ஒழுங்குவிதி 48, காரோடு வரும் கருவிகளைவிட வேறு விசேட கருவி இல்லாமல் பல்ப் மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்கிறது. எழுதினவருக்கு மெலிந்த கைபோல.

நல்லூர் வாசி:
பல்ப் இருக்கிறதே என்று சந்தோசப்படுங்கள். என்னுடையது எல்ஈடி. பழுதானால் முழு லைற்றும் வாங்க வேண்டும்.

கோண்டாவில்காரன்:
சில்லுப் பக்கத்தால் சரிவந்தது, நன்றி அண்ணை. முழங்கையில் கொஞ்சம் தோல் போனது. இரண்டு கிளிப்பும் உடைந்துவிட்டது. ரவுணில் எடுக்கலாமா?

பழைய ஸ்பானர்:
எந்தப் பார்ட்ஸ் கடையிலும் கேளுங்கள். உடைந்ததைக் கையோடு கொண்டுபோங்கள், ஓட்டை அளவு காருக்குக் கார் மாறும். நாலைந்து கூடவே வாங்குங்கள், வலப்பக்கப் பல்பும் அதே வயசுதானே.