கீக்ளோக்: பிங் அட்டவணையில் இரண்டு கணுக்களும் இருந்தும் கிளஸ்டர் உருவாகவில்லை

கேள்வி

வணக்கம். எங்கள் செயலிகள் அனைத்துக்கும் பொதுவான உள்நுழைவுச் சேவையகமாகக் கீக்ளோக் 26.2 பதிப்பை மேகத்தில் நிறுவியிருக்கிறோம். ஒரே தனியார் பிணையத்துக்குள், மண்டலத்துக்கு ஒன்றாக இரண்டு மெய்நிகர் கணினிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் கீக்ளோக் ஒரு டாக்கர் கன்டெய்னராக (தனிப்படுத்தப்பட்ட பொதியாக) இயங்குகிறது. இப்படி இயங்கும் ஒவ்வொரு கீக்ளோக்கும் ஒரு கணு; அவை ஒன்றுசேர்ந்து இயங்கும் குழுவே கிளஸ்டர். இரண்டுக்கும் பொதுவாக ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும், முன்னால், கோரிக்கைகளைக் கணுக்களுக்குப் பகிர்ந்தனுப்பும் ஒரு லோட் பேலன்சரும் உண்டு. ஒரு கணு விழுந்தாலும் உள்நுழைவு தடைபடக் கூடாது என்பதே இந்த அமைப்பின் நோக்கம்.

ஒரு கணு மட்டும் இயங்கும்போது எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டாவதையும் இயக்கியவுடன், சிலர் கடவுச்சொல்லைக் கொடுத்து அனுப்பும்போது பக்கம் காலாவதியாகிவிட்டது என்ற செய்தி வருகிறது. மறுபடி முயன்றால் சில வேளைகளில் உள்ளே செல்ல முடிகிறது. நிர்வாகப் பக்கத்தில் ஒரு ரெல்மின் (பயனர்களும் செயலிகளும் அடங்கிய தனி நிர்வாகப் பகுதியின்) அமைப்பை மாற்றினால், அந்த மாற்றம் ஒரு கணுவில் தெரிகிறது, மற்றதில் பழைய நிலையே நீடிக்கிறது. ஆனால் ஏற்கெனவே உள்நுழைந்தவர்களுக்கு எந்த இடையூறும் இல்லை. இதுதான் எனக்குப் புரியவில்லை.

இரு கணுக்களின் லாகிலும் ஐஎஸ்பிஎன்000094 என்ற எண்ணுடன் வரும் கிளஸ்டர் வியூ செய்தியில் உறுப்பினர் எண்ணிக்கை 1 என்றே இருக்கிறது. அதாவது ஒவ்வொன்றும் தன்னை மட்டுமே அறிந்திருக்கிறது. கணுக்கள் பேசிக்கொள்ளும் விதத்தைத் தீர்மானிக்கும் கேஷ் ஸ்டாக் அமைப்பை நான் தொடவில்லை. இப்பதிப்பில் இயல்பாக உள்ள, கணுக்கள் தரவுத்தளத்தின் உதவியால் ஒன்றையொன்று தேடும் ஜேடிபிசி பிங்தான் பயன்பாட்டில் உள்ளது. தரவுத்தளத்தில் ஜேகுரூப்ஸ் (கணுக்களுக்கிடையேயான தொடர்பைக் கையாளும் நூலகம்) பிங் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். இரண்டு கணுக்களுக்கும் தனித்தனி வரிசை இருக்கிறது. கணினிகளுக்கிடையே 7800 டிசிபி போர்ட்டையும் பிணைய விதிகளில் திறந்துவிட்டேன். இதற்கு மேல் எங்கே தேடுவது? லோட் பேலன்சரில், ஒரே உலாவியை எப்போதும் ஒரே கணுவுக்கு அனுப்பும் ஸ்டிக்கி செஷனை இயக்கிவிட்டால் போதுமா?

முதல் மறுமொழி

அட்டவணையில் வரிசை இருப்பதை வைத்துக் கணுக்கள் ஒன்றையொன்று கண்டுவிட்டன என்று கொள்ள முடியாது. ஜேடிபிசி பிங் செய்வது ஒரு வேலையைத்தான்: ஒவ்வொரு கணுவும் "என்னை இந்த முகவரியில் அணுகலாம்" என்று பொதுவான தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது, புதிதாக வரும் கணு அதைப் படித்து, ஒருங்கிணைப்பாளராக இருக்கும் கணுவுக்கு அந்த முகவரியில் இணைப்புக் கோரிக்கையை அனுப்புகிறது. கோரிக்கையும் அதன் பின்னான உரையாடலும் தரவுத்தளம் வழியாகச் செல்வதில்லை. கணுவிலிருந்து கணுவுக்கு நேரடியாக டிசிபி வழியே செல்கின்றன. கோரிக்கைக்குப் பதில் வராவிட்டால், கணு சில முறை முயன்றுவிட்டுத் தானே ஒரு தனிக் கிளஸ்டராகத் தொடங்கிவிடும். வெளியே பார்க்கும்போது எல்லாம் நலமாகவே தோன்றும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்த அட்டவணையின் ஐபி நெடுவரிசையை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிவியுங்கள்.

உங்களுக்குப் புரியாமல் இருக்கும் அந்த வேறுபாட்டுக்குக் காரணம், தகவல்கள் இருக்கும் இடம். 26ஆம் பதிப்பு முதல் பயனர் அமர்வுகள் இயல்பாகவே தரவுத்தளத்தில் எழுதப்படுகின்றன. கணுக்கள் பேசிக்கொள்ளாவிட்டாலும் இரண்டும் அதே தரவுத்தளத்தைப் படிப்பதால், உள்நுழைந்தவர் உள்ளேயே இருக்கிறார். ஆனால் உள்நுழைவு நடந்துகொண்டிருக்கும்போது உருவாகும் தற்காலிக அமர்வு இன்ஃபினிஸ்பான் கேஷில், அதாவது கணுக்களின் நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. படிவத்தைக் காட்டியது ஒரு கணு, கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்டது மற்றொன்று என்றால், பின்னதற்கு அந்த அமர்வைப் பற்றி எதுவுமே தெரியாது. ரெல்ம் மாற்றம் தெரியாததும் இவ்வாறே: மாற்றம் தரவுத்தளத்தில் பதிந்துவிட்டது, ஆனால் "உன்னிடம் உள்ள பழைய நகலை நீக்கு" என்ற அறிவிப்பு கிளஸ்டர் வழியாகத்தான் மற்ற கணுவுக்குப் போக வேண்டும்.

கேள்வியாளர்

விளக்கத்துக்கு நன்றி. ஐபி நெடுவரிசையைப் பார்த்தேன். இரண்டு வரிசைகளிலும் 172.17.0.2, போர்ட் 7800 என்றே உள்ளது. கணுக்களின் பெயர்கள் மட்டும் வேறுபடுகின்றன. எங்கள் கணினிகளின் தனியார் முகவரிகள் 10.0 என்று தொடங்குபவை. அவை அட்டவணையில் எங்குமே இல்லை.

முதல் மறுமொழி தந்தவர்

காரணம் அதுவேதான். 172.17 என்று தொடங்குவது டாக்கர் ஒவ்வொரு கணினியிலும் தனக்குள் உருவாக்கிக்கொள்ளும் பிரிட்ஜ் பிணையத்தின் வழக்கமான முகவரி வரம்பு. அதில் முதல் முகவரி கணினிக்கு. முதலில் தொடங்கும் கன்டெய்னருக்குப் பெரும்பாலும் 172.17.0.2 கிடைக்கும். இரு கணினிகளிலும் அதுவே நடந்திருக்கிறது. இப்போது இரண்டாம் கணு, முதலாவதைத் தேடி அட்டவணையில் கண்ட முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும்போது, அது தன் கன்டெய்னரின் கதவையே தட்டுகிறது. நீங்கள் பிணைய விதிகளில் எத்தனை போர்ட்டுகளைத் திறந்தாலும் பயன் இராது; அந்தக் கோரிக்கை கணினியை விட்டு வெளியேறவே இல்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கன்டெய்னரை ஹோஸ்ட் பிணைய முறையில் இயக்கினால், கீக்ளோக் கணினியின் இடைமுகங்களையே நேரடியாகப் பயன்படுத்தும். ஒரு கணினிக்கு ஒரு கீக்ளோக் என்ற உங்கள் அமைப்புக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது: பைண்ட் முகவரியை, அதாவது கணு எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்பதை, குறிப்பிடாவிட்டால் ஜேகுரூப்ஸ் ஏதேனும் ஓர் உள்பிணைய முகவரியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதே கணினியில் வேறு கன்டெய்னர்கள் பிரிட்ஜில் இயங்கினால், பிரிட்ஜின் 172.17.0.1 முகவரியும் அந்தத் தகுதி பெற்றதே. எனவே ஜேகுரூப்ஸ் பைண்ட் அட்ரஸ் என்ற அமைப்பில், மேட்ச்-அட்ரஸ் முறையில், 10.0 என்று தொடங்கும் முகவரியையே எடுக்கும்படி வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முழு முகவரிக்குப் பதில் தொடக்கத்தை மட்டும் கொடுப்பதால், கணினியை மாற்றினாலும் அமைப்பைத் திருத்த வேண்டியதில்லை.

பிரிட்ஜிலேயே இருக்க வேண்டுமென்றால், போர்ட்டுகளைக் கணினியில் வெளிப்படுத்தி, ஜேகுரூப்ஸ் எக்ஸ்டர்னல் அட்ரஸ் என்ற அமைப்பில் கணினியின் தனியார் முகவரியைக் கொடுக்க வேண்டும். அட்டவணையில் எழுதப்படுவது அப்போது அதுவாக இருக்கும். முகவரியைக் கையால் எழுதாமல், தொடக்க ஸ்கிரிப்டில் மேகத்தின் மெட்டாடேட்டா சேவையிடம், அதாவது 169.254.169.254 என்ற முகவரியில், கேட்டுப் பெறலாம்.

எந்த வழியானாலும் 7800 மட்டும் போதாது. 57800 போர்ட்டையும் கணுக்களுக்கிடையே திறக்க வேண்டும். ஒரு கணு திடீரென விழுந்ததை, திறந்திருந்த சாக்கெட் மூடப்பட்டதைக் கொண்டு உடனே அறியும் எஃப்டி சாக்2 என்ற பகுதி அந்தப் போர்ட்டில்தான் கேட்கிறது. இதை மூடி வைத்துவிட்டு, கிளஸ்டர் உருவானதே என்று திருப்தியடைந்த பின், உறுப்பினர்கள் மீது ஐயம் எழுப்பும் செய்திகளால் லாக் நிறைவதைக் காண்பவர்கள் ஏராளம்.

இரண்டாம் மறுமொழி

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. லோட் பேலன்சரில் ஸ்டிக்கி செஷனை இயக்கினால், ஒரே உலாவியின் எல்லாக் கோரிக்கைகளும் ஒரே கணுவுக்குச் செல்லும். பக்கம் காலாவதியாகும் சிக்கல் அன்றே நின்றுவிடும். பயனர் அமர்வுகள் தரவுத்தளத்தில் இருக்கும் காலத்தில், சிறிய அமைப்புக்குக் கிளஸ்டரை நம்பியிருப்பது தேவைதானா என்பதே என் ஐயம். நினைவகக் கேஷ், தனிப் போர்ட்டுகள், அவற்றுக்கான சான்றிதழ்கள் என்று பராமரிக்க வேண்டியவை கூடிக்கொண்டே போகின்றன.

மூன்றாம் மறுமொழி

மேலே சொன்னதை ஏற்க இயலவில்லை. ஸ்டிக்கி செஷன் நல்லதே. கிளஸ்டர் சரியாக இயங்கும்போதும் அது வீண் பிணையப் போக்குவரத்தைக் குறைக்கிறது. ஆனால் கிளஸ்டருக்கு மாற்றாக அதை வைத்தால், உலாவியில் தெரியும் பிழை மறையும், உள்ளே இருக்கும் பிழை தங்கிவிடும்.

முதலில், எல்லாக் கோரிக்கையும் உலாவியிலிருந்து வருவதில்லை. பயனர் உள்நுழைந்ததும் கீக்ளோக் ஒரு குறியீட்டை உலாவி வழியே செயலியிடம் தருகிறது. செயலியின் சேவையகம் அதை நேரடியாகக் கீக்ளோக்கிடம் கொடுத்து டோக்கனை, அதாவது அணுகல் சான்றை, பெறுகிறது. இந்த இரண்டாவது கோரிக்கையில் உலாவியின் குக்கி இராது, ஆகவே லோட் பேலன்சர் அதை எந்தக் கணுவுக்கும் அனுப்பலாம். ஒருமுறை மட்டுமே செல்லும் அந்தக் குறியீடும் நினைவகக் கேஷில்தான் இருக்கிறது. கணுக்கள் பிரிந்திருந்தால், அதைத் தராத கணு செல்லாத குறியீடு என்று மறுத்துவிடும். பயனரின் பார்வையில் கடவுச்சொல் சரி, ஆனால் செயலி திறக்கவில்லை. முதல் பிழையைவிட இதைத் தடம் பிடிப்பது கடினம்.

இரண்டாவது, பாதுகாப்பைச் சார்ந்தது. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பவர்களைத் தடுக்கக் கீக்ளோக் வைத்திருக்கும் தோல்வி எண்ணிக்கையும் கேஷிலேயே உள்ளது. ஐந்து தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்கைப் பூட்டும்படி அமைத்திருந்தால், பிரிந்த இரு கணுக்களும் தனித்தனியே எண்ணும். தாக்குபவர் குக்கியை எறிந்துவிட்டு வருவதால் ஸ்டிக்கி செஷன் அவரைக் கட்டுப்படுத்தாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பிரிந்த கணுக்களை நான் உற்பத்திச் சூழலில் விட்டுவைக்க மாட்டேன்.

சான்றிதழ்களைப் பற்றிய கவலையும் 26.2 பதிப்பில் பெரிதும் தேவையற்றது. கணுக்களுக்கிடையேயான டிசிபி உரையாடலுக்கான இருவழிச் சான்றிதழைக் கீக்ளோக் தானே உருவாக்கித் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது, தானே புதுப்பிக்கவும் செய்கிறது. இரு கணினிகளின் கடிகாரங்களும் ஒத்திருக்கின்றனவா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்; சான்றிதழுக்கும் டோக்கனுக்கும் காலக் கணக்கு உண்டு.

கேள்வியாளர்

ஹோஸ்ட் பிணைய முறைக்கு மாற்றி, பைண்ட் முகவரிக்கு 10.0 என்ற தொடக்கத்தைக் கொடுத்து, இரு போர்ட்டுகளையும் கணுக்களின் பாதுகாப்புக் குழுவுக்குள் (மேகத்தின் பிணைய விதித் தொகுப்பு) மட்டும் திறந்தேன். மாற்றத்துக்கு முன் இரு கணுக்களையும் நிறுத்தி, பிங் அட்டவணையில் எஞ்சியிருந்த பழைய வரிசைகளையும் நீக்கிவிட்டேன். இப்போது இரு லாகிலும் வியூ செய்தி 2 உறுப்பினர்களைக் காட்டுகிறது. அட்டவணையில் இரண்டு வேறுபட்ட 10.0 முகவரிகள் உள்ளன. ரெல்ம் மாற்றமும் உடனே இரண்டிலும் தெரிகிறது. ஸ்டிக்கி செஷனை இன்னும் இயக்கவில்லை. அது இல்லாமலேயே உள்நுழைவு தடையின்றி நடக்கிறது. ஒரு கணு விழும் நிலையை எப்படிச் சோதிப்பது சரியாக இருக்கும்?

முதல் மறுமொழி தந்தவர்

ஸ்டிக்கி செஷன் இல்லாத இந்த நிலையிலேயே சோதித்துவிடுங்கள். இயக்கிய பின் சோதித்தால் எது எதைக் காப்பாற்றியது என்று பிரித்தறிய முடியாது. உள்நுழைவுப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கணுவை டாக்கர் ஸ்டாப் கட்டளையால் நிறுத்துங்கள்; மற்ற கணுவின் லாகில் வியூ 1 ஆகக் குறைந்ததும் படிவத்தை அனுப்புங்கள். பிறகு இதையே டாக்கர் கில் கட்டளையுடன் செய்து பாருங்கள். முதலாவது முறையான விடைபெறல், இரண்டாவது உண்மையான விபத்துக்கு அருகில் நிற்பது. 57800 சரியாகத் திறந்திருந்தால் இரண்டாவதிலும் வியூ விரைவாகவே குறையும். மின்சாரமோ பிணையமோ முற்றாக அறுந்தால் சாக்கெட் மூடப்படும் செய்தி வராது; அப்போது இதயத்துடிப்புச் செய்திகள் நின்றதைக் கொண்டே கணு விலக்கப்படும், அதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் சில உள்நுழைவுகள் தாமதமாவதைப் பிழையாகக் கருத வேண்டாம்.

இன்னொன்று: டாக்கர் ஸ்டாப் இயல்பாக 10 விநாடிகள் மட்டுமே காத்திருந்து, பிறகு செயல்முறையைக் கட்டாயமாக நிறுத்திவிடும். கீக்ளோக் தன் வரிசையை அட்டவணையிலிருந்து நீக்கி முறையாக விலக அது எப்போதும் போதுமானதாக இராது. காத்திருப்பு நேரத்தைக் கூட்டி வையுங்கள். லோட் பேலன்சரின் சோதனை, நிர்வாகப் போர்ட்டான 9000இல் உள்ள, கணு தயாரா என்று சொல்லும் ஹெல்த் ரெடி பாதையைப் பார்க்கும்படி இருக்கட்டும். கிளஸ்டர் சேர்ந்திருக்கிறதா என்பதற்கு அதை மட்டும் நம்பாமல், வியூ செய்தியின் எண்ணிக்கை 2ஐ விடக் குறையும்போது எச்சரிக்கை வரும்படி லாக் கண்காணிப்பில் ஒரு விதியையும் சேர்த்துவிடுங்கள்.