பற்று எது, வரவு எது: பி.காம். படித்தவர்களே, உங்களுக்கு எப்போது பிடிபட்டது?

பி.காம். முடித்துப் பதினைந்து வருடம் ஆகப்போகிறது. போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். முதல் செமஸ்டர் நடக்கிறது அவளுக்கு. "மாமா, பணம் உள்ளே வந்தா அதை ஏன் பற்றுன்னு எழுதணும்? வந்தா வரவுதானே?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியோடு நானும் ஒரு வருடம் முழித்திருக்கிறேன். (கணக்குப் பதிவில் டெபிட்தான் பற்று, கிரெடிட்தான் வரவு.)

உங்களுக்கு இது யாரால், எந்த இடத்தில் பிடிபட்டது என்று எழுதுங்கள். பாடப் புத்தக விளக்கம் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். முதலில் என் கதை.

கோவில்பட்டிப் பக்கம் அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. வருகிறவர்கள் பாதிப் பேர் "பத்துல எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் அது எண் பத்து என்றே நினைத்திருந்தேன். பத்தாம் பக்கத்தில் எழுதுகிறார் போல என்று ஒருநாள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பத்தாம் பக்கத்தில் வாத்தியார் வீட்டுக் கணக்கு மட்டும்தான் இருந்தது.

பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவு. தமிழ் வழி. பெறுபவர் பற்று, தருபவர் வரவு. உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் இலாபமும் வரவு. மூன்று விதி. மனப்பாடம் செய்து எழுதினேன், மார்க் வந்தது. அந்தப் 'பற்று' எங்கள் கடைப் 'பத்து'தான் என்று அப்போதும் உறைக்கவில்லை.

கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். முதல் வாரமே பேராசிரியர் என்னை எழுப்பி, கையில் ரொக்கம் வந்தால் டெபிட்டா கிரெடிட்டா என்றார். நான் "வரவு சார்" என்றேன். "வரவுன்னா கிரெடிட். அப்போ கிரெடிட்டா?" வகுப்பே சிரித்தது. எனக்கு ரோஷம். மறுநாள் கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கைக் கொண்டுபோய் நீட்டினேன். "சார், நான் 500 ரூபாய் போட்டேன். வரவுப் பத்தியில்தான் எழுதியிருக்காங்க. வங்கிக்காரங்க தப்பா எழுதுவாங்களா?"

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருடைய நோட்டு?" என்றார். என்னுடையது என்றேன். "உன் பெயர் போட்டிருக்கு. எழுதினது யாரு?" அவ்வளவுதான். மணி அடித்தது, போய்விட்டார். மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த பாடங்களில் மிகச் சின்னதும் அதுதான், ஒரு நிமிடம்கூட இருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு அக்கா அரிசி, பருப்பு என்று 340 ரூபாய்க்கு வாங்கிவிட்டு வழக்கம்போல, "பத்துல எழுதிக்கோ தம்பி" என்றார். எழுதப் போன கை நின்றுவிட்டது. அவர் பெறுபவர். அதனால் பற்று! முந்தின வரியில் அப்பா கையெழுத்தில் "வரவு 200" என்று இருந்தது. போன வாரம் அவர் தந்த பணம். தருபவர், அதனால் வரவு. அந்தப் பக்கம் கடையின் வரவைச் சொல்லவில்லை, அந்த அக்காவைச் சொல்கிறது. வங்கியின் நோட்டில் நான்தான் அந்த அக்கா. 500 கொடுத்தவன், ஆகவே எனக்கு வரவு. என் நோட்டில் வங்கி பெற்றுக்கொண்டது, ஆகவே வங்கிக்குப் பற்று. இருவரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம்.

இத்தாலிக்காரர் லூக்கா பச்சோலி 1494இல் அச்சில் எழுதிவைத்த இரட்டைப் பதிவு முறை என்று வகுப்பில் சொன்னார்கள். அதில் ஆள் கணக்கு மட்டும் எங்கள் கடையில் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. கல்லாவுக்கும் சரக்குக்கும் நோட்டு கிடையாது, அதனால் ஒற்றைப் பதிவு. அந்தப் பாடம் வந்தபோது அப்பா கடையையே கணக்காகப் போட்டுப் பார்த்தேன். கடைசி முதலில் (முதல் என்றால் கடையில் நிற்கும் சொந்தப் பணம்) எடுப்புகளை, அதாவது சொந்தச் செலவுக்கு எடுத்ததை, கூட்டி, தொடக்க முதலைக் கழித்தால் இலாபம். எங்கே கழிப்பது? வீட்டுக்குப் போகும் அரிசியும் என் பஸ் காசும் கல்லாவிலிருந்து எழுதாமலேயே போய்க்கொண்டிருந்தன. எடுப்பு எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டேன். "உன்னைத்தான் கேக்கணும்" என்றார்.

சரி, அடுத்தவர் எழுதுங்கள்.

• • •

எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? 75க்கு 30 எடுத்தால் பாஸ், இன்டர்னல் 25இல் அசைன்மென்ட்டை அழகாக அட்டை போட்டுக் கொடுத்தால் வந்துவிடும். தேர்வில் இருப்பாய்வு (பற்று மொத்தமும் வரவு மொத்தமும் ஒத்துவருகிறதா என்று பார்க்கும் பட்டியல்) பொருந்தவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் (காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்தும் கணக்கு) தள்ளிவிட்டு, ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டுவிடுவேன். கோடு நேராக இருந்தால் திருத்துபவர் மேலே பார்க்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. காஸ்ட் அக்கவுன்டிங்கில் அந்த நம்பிக்கை பொய்த்தது. இரண்டு அரியர். இப்போது சேல்ஸில் இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன்.

• • •

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பிடிபட்டது கல்லூரியில் இல்லை, மூன்றாம் வருடம் மாலை நேரங்களில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனபோது. சம்பளம் பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாக இருக்கும். ஆனால் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தொட விடுவார்கள், அதற்காகத்தான் போனேன். எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். இரண்டு நாளில் விரல் பழகிவிட்டது. தலை பழகவில்லை.

ஒரு பனியன் கம்பெனியின் வங்கி ஸ்டேட்மென்டைக் கொடுத்து, ஒரு மாத என்ட்ரி முழுக்கப் போடச் சொன்னார்கள். ஸ்டேட்மென்டில் கிரெடிட் என்று இருப்பதையெல்லாம் எஃப்5இல் போட்டேன். பேமென்ட் போட்டால் வங்கிக் கணக்கு கிரெடிட் ஆகும் என்று வகுப்பில் படித்திருக்கிறேனே. டெபிட் என்று இருந்ததையெல்லாம் எஃப்6. கடகடவென்று முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாதக் கடைசி இருப்பு ஸ்டேட்மென்டோடு ஒத்துவரவில்லை. வித்தியாசம் 90,000.

கல்லூரியில் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 4,560ஐ 4,650 என்று எழுதினால் வித்தியாசம் 90, அந்த மாதிரி. 90,000 ஒன்பதால் வகுபடுகிறது. பெருமையாக இருந்தது. ஒவ்வொரு வரியாக இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று இரண்டு மணி நேரம் தேடினேன். ஒன்றும் இல்லை.

அங்கே ஒரு பெரியவர் இருந்தார். கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார், பென்சிலும் கால்குலேட்டரும்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "எவ்வளவு உதைக்குது கண்ணு?" சொன்னேன். "பாதி பண்ணிப் பாரு." 45,000. "இந்த மாசம் மொத்தமா வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு?" வந்தது 4,80,000, போனது 4,35,000. இருப்பு 45,000 கூடியிருக்க வேண்டும். என் டேலியில் 45,000 குறைந்திருந்தது. ஒரு தொகை தப்பான பக்கம் போனால் வித்தியாசம் இரண்டு மடங்காகக் காட்டும். நான் ஒரு தொகையை அல்ல, ஒரு மாதத்தையே தப்பான பக்கம் போட்டிருந்தேன்.

திட்டவில்லை அவர். "பேங்க் அவங்க கணக்கை எழுதியிருக்காங்க கண்ணு. நீ கம்பெனிக்காரி. கண்ணாடியில பாக்குற மாதிரி பாக்கோணும்" என்றார். அன்றைக்கு எல்லாவற்றையும் அழித்துப் போட்டு முடிக்க எட்டரை மணி ஆகிவிட்டது. வீட்டில் அம்மாவிடம் வாங்கிய திட்டு தனி.

ஒன்பது வித்தையைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதலில் பாதியாக்கிப் பாருங்கள், அப்புறம் ஒன்பதால் வகுங்கள்.

• • •

நான் யாழ்ப்பாணம். இதை வாசிக்க வாசிக்க எனக்குத் தலை சுற்றுகிறது. எங்களுக்கு எல்லாமே மறுபக்கம்.

இலங்கையில் உயர்தர (உங்கள் பிளஸ் டூ மாதிரி) வர்த்தகப் பிரிவில் கணக்கீடு படிப்போம். எங்கள் பாடத்தில் டெபிட் என்பதுதான் வரவு, கிரெடிட் என்பது செலவு. காசு வந்தால் காசேட்டில் வரவு, போனால் செலவு. கோவில்பட்டி அண்ணாவுக்கு வந்த குழப்பம் எங்களுக்கு வரவே வராது. ஆனால் எங்களுக்கு வேறு குழப்பம் இருக்கிறது. வாடகை கட்டினால் வாடகைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். காசு போயிருக்கிறது, அதை எப்படி வரவு என்பது? விற்பனையோ செலவுப் பக்கத்தில் நிற்கும். ரியூஷன் வகுப்பில் இதைக் கேட்காத பிள்ளை இல்லை.

உயர்தரச் சோதனைக்கு முன் சரியாக விளங்கவில்லை என்று தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவருடைய யூடியூப் காணொளி பார்த்தேன். அருமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் "வரவு செய்க" என்ற இடமெல்லாம் நான் இடப்பக்கம் எழுதினேன். கடைசியில் என் பரீட்சை மீதி சரியாகவே பொருந்தியது! இரண்டு பக்கமும் ஒன்றாகத் திரும்பினால் பொருந்தத்தானே செய்யும். சொத்து கடன் மாதிரி நிற்கிறது, கடன் சொத்து மாதிரி நிற்கிறது. அவர் இருப்பாய்வு என்று சொன்னதுதான் எங்கள் பரீட்சை மீதி என்று கண்டுபிடிக்கவே ஒருநாள் எடுத்தது. உங்கள் அனாமத்துக் கணக்கு எங்களுக்குத் தொங்கல் கணக்கு. இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) எங்களுக்கு ஐந்தொகை.

பல்கலைக்கழகத்தில் பாடம் ஆங்கிலத்தில். மற்றப் பாடங்களுக்கு அழுதேன், கணக்கீட்டுக்கு மட்டும் நிம்மதி. டெபிட் என்றால் இடப்பக்கம், கிரெடிட் என்றால் வலப்பக்கம். அந்தச் சொற்களுக்கு எனக்கு வேறு அர்த்தமே தெரியாது, அதனால் குழப்ப ஒன்றும் இருக்கவில்லை.

• • •

மேலே யாழ்ப்பாணத் தங்கை எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஒரே சொல், அங்கே இடப்பக்கம், இங்கே வலப்பக்கம்!

என் அனுபவம் சின்னது. 2014இல் சேர்ந்து 2017இல் முடித்த பேட்ச். மறைமுக வரிப் பாடத்தில் மதிப்புக் கூட்டு வரி, சேவை வரி, கலால் வரி என்று உருப்போட்டு ஏப்ரலில் தேர்வு எழுதினோம். ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்து, படித்ததில் பெரும்பகுதியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. ஆகஸ்டில் முதல் இன்டர்வியூ. "இன்புட் டாக்ஸ் கிரெடிட்னு சொல்றோம். உங்க புக்ஸ்ல அது டெபிட் பேலன்ஸா, கிரெடிட் பேலன்ஸா?" பெயரிலேயே கிரெடிட் இருக்கிறதே என்று கிரெடிட் என்றேன். வேலை கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில்தான் உறைத்தது. வாங்கும்போது கட்டிய வரி, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள உரிமை உள்ள தொகை. நமக்குச் சொத்து, ஆகவே டெபிட். ஜிஎஸ்டி தளத்தில் கிரெடிட் லெட்ஜர் என்று இருப்பது அவர்கள் பக்கத்திலிருந்து எழுதியது. அந்தப் பேராசிரியரின் "யாருடைய நோட்டு?" அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தால் ஒரு வேலை கிடைத்திருக்கும்.

• • •

அதே கோவில்பட்டிதான். கடை இப்போது இருக்கிறதா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மூடி நான்கு வருடம் ஆகிறது, அப்பாவுக்கு முட்டி வலி. நோட்டுகள் மட்டும் பரணில் இருக்கின்றன. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே 'லாபம்' என்று எழுதிய நோட்டுகள்.

இந்த ஞாயிறு அக்கா மகள் வந்திருந்தாள். கடைசி நோட்டை எடுத்துக் கொடுத்து, பேரேடு மாதிரி இருப்புக் கட்டிப் பார் என்றேன். பதினோரு பக்கத்தில் பாக்கி நின்றது. மொத்தம் 18,640 ரூபாய். வாராக்கடன் பாடம் அப்போதுதான் முடித்திருக்கிறாள் போல. "தாத்தா, நாலு வருஷம் ஆச்சு. இதையெல்லாம் நட்டத்துல எழுதிடலாம்" என்றாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். "வாராதுன்னு யாரு சொன்னா? போன மாசம் டீக்கடையில பாத்து ஒருத்தர் நூறு ரூவா குடுத்துட்டுப் போனாரே."

"எழுதுனீங்களா?"

எழுதவில்லை. யார் என்று கேட்டு, பக்கத்தைத் தேடி, அவளே பேனாவை எடுத்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "வரவு 100" என்று எழுதிவிட்டு இருப்பைத் திருத்தினாள்.