புதுப்பிப்பு: சில நிமிடங்களில் வந்த நிராகரிப்பு, காரணம் தெரிந்துவிட்டது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் பார்ப்பவர்களுக்காக: கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தரச்சோதனைப் பொறியாளர் வேலைக்கு விண்ணப்பித்தால், சில நிமிடங்களிலேயே "வருந்துகிறோம்" என்று மின்னஞ்சல் வருகிறதே, ஏன் என்று கேட்டிருந்தேன்.

மனிதவளப் பிரிவுக்கு நேரடியாக எழுதச் சொன்னீர்கள். எழுதினேன்; பதிலே இல்லை. பலித்தது வெள்ளவத்தை அண்ணா சொன்ன சோதனைதான்: சுயவிவரத்தின் பிடிஎஃப் கோப்பை முழுதாக நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பது. ஒட்டியதும் சிரிப்பு வந்தது. இரண்டு பத்தி அமைப்பில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து, வேலை பார்த்த ஆண்டுகள் மொழித்திறனுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. நிறுவனங்கள் விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளும் ஏறத்தாழ இப்படித்தான் வாசிக்கிறது. விண்ணப்பப் படிவத்தையும் அதுவே நிரப்பி, என் அனுபவத்தைப் பூச்சியம் என்று போட்டிருக்கிறது! ஒற்றைப் பத்தியாக்கி, அட்டவணைகளை நீக்கி, ஹெடரில் இருந்த தொலைபேசி எண்ணை முதல் வரிக்குக் கொண்டுவந்து மறுபடி அனுப்பினேன். நேர்முகத்துக்கு அழைத்தார்கள்.

எதிர்பாராதது அதற்குப் பிறகு. அவர்கள் தந்த வேலை நியமனக் கடிதத்தில், நிறுவனம் கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதத்தையும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதத்தையும் என் சம்பளத்துக்குள்ளேயே அடக்கியிருந்தார்கள். இந்த நிதிகளுக்காக நம்மிடம் கழிக்கக்கூடியது சேமலாப நிதிக்கான 8 சதவீதம் மட்டுமே. மற்றவை முதலாளியின் பங்கு. கேட்டேன், மழுப்பினார்கள். உங்கள் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த வேலையை விட்டுவிட்டு, அதே சுயவிவரத்தை மருதானையில் வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை அங்கே சேர்கிறேன்.