தோட்டாக்கூட்டின் ஆயுள் எங்கே முடிகிறது? அனுபவங்களைப் பகிருங்கள்

ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக்கூட்டை எத்தனை தடவை மறுபடி நிரப்பிச் சுடலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்களை நம்பிச் சுடாதீர்கள். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

டெக்சாஸில் நான் சுடப் போகும் மைதானத்துக்குப் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டோடு வரும் பெரியவர் ஒருவர் உண்டு. அதற்கான .303 அளவுக் கூடுகள் பளபளவென்று இருக்கும். குண்டைப் பிடித்திருக்கும் கழுத்தில் ஒரு கீறல்கூடத் தெரியாது. ஒரு நாள் சுட்டுவிட்டு, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தார். அடிப்பகுதியும் அதையொட்டிய குட்டை வளையமும் மட்டும் வந்து விழுந்தன. மிச்சக் கூடு முழுவதும் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. போல்ட்டின் முகத்தில் கசிந்த வாயுவின் கரி. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கூடு அந்த இடத்தில் அறுந்ததற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. வெடிமருந்து பற்றியதும் கூட்டின் மெல்லிய முன்சுவர் விரிந்து அறையின் சுவரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அடிப்பகுதி தடிமனானது, அதனால் அப்படி விரிந்து பிடிக்க முடியாது. பின்னால் இடைவெளி இருந்தால், அழுத்தம் அதை போல்ட்டின் முகம் வரை தள்ளும். முன்பாதி நகராது, பின்பாதி நகரும். இரண்டுக்கும் நடுவே, அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்ள சுவர் இழுபட்டு மெலிகிறது. .303 தோட்டா அறைக்குள் நிற்பது அடியில் வெளியே நீட்டிய விளிம்பின் பிடியில். அதனால் ராணுவ ரைஃபிள்களில், கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் தோள்பக்கம் தாராளமாக இடம் விட்டு அறையைக் குடைந்திருப்பார்கள். சுட்டதும் தோள் முன்னே போய் அறையின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. வீட்டில், சுட்ட கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சான முழு நீள டையில் அழுத்தும்போது அந்தத் தோளை மறுபடி பின்னுக்குத் தள்ளுகிறோம். அடுத்த முறை சுட்டால் மறுபடி இழுபடும். லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் பூட்டுகள் பின்பக்கம் இருப்பதால் வெடிக்கும்போது போல்ட் சற்றே அமுங்கிக் கொடுக்கும். அதுவும் கூட்டை இன்னும் நீட்டுகிறது.

அன்று அவருடைய பெட்டியில் இருந்த மற்றக் கூடுகளை உட்கார்ந்து சோதித்தோம். மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, கழுத்து வழியாக உள்ளே விட்டு, அடியிலிருந்து சுவரை ஒட்டி மெதுவாக மேலே இழுத்தேன். நல்ல கூட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். கெட்ட கூட்டில் அடிக்குச் சற்று மேலே ஒரு பள்ளத்தில் விழுந்து, 'டிக்' என்று தட்டி ஏறும். பாதிக்கு மேற்பட்ட கூடுகளில் அந்தத் தட்டல் விரலுக்கு எட்டியது. ஒன்றிரண்டில்தான் வெளியே மெல்லிய ஒளிக்கோடு வளையமாகத் தெரிந்தது. வெளியே கோடு தெரியும்வரை காத்திருப்பவர் ரொம்பத் தாமதித்துவிட்டார் என்றே சொல்வேன்.

அவர் இப்போது தம் ரைஃபிளில் சுட்ட கூட்டுக்குக் கழுத்தை மட்டும் அழுத்துகிறார், தோளைத் தொடுவதில்லை. விளிம்பில்லாத .308 போன்றவற்றுக்கு நான் டையைச் சரிசெய்து, தோள் 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் பின்னே போகும்படி வைத்துக்கொள்கிறேன். கூடு நீள்வதையும் கவனியுங்கள். .308 கூட்டின் உச்ச நீளம் 51.18 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் கழுத்தின் வாய் அறையின் முனையில் முட்டி, குண்டை நெரித்துப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். எல்லோரும் காலிப்பரை வைத்து அளந்து வெட்டிச் சரிசெய்வார்கள். ஆனால் நீண்ட பித்தளை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அதில் ஒரு பங்கு அந்த மெலிந்த சுவரிலிருந்து வந்ததுதான்.

மறுமொழி

ஒஹையோவில் கேம்ப் பெர்ரி துப்பாக்கி சுடும் போட்டிகளுக்காகப் பயிற்சி எடுப்பவன் நான். என் கூடுகள் கழுத்தில்தான் சாகின்றன. சுடும்போது விரிவு, டையில் சுருக்கம், குண்டை உட்கார வைக்கும்போது மறுபடி விரிவு. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த இந்தப் பித்தளை, வளைய வளைய இறுகிக்கொண்டே போகும். இறுகிய கழுத்து டையை விட்டு வந்ததும் கொஞ்சம் விரிந்துகொள்ளும்; ஒரே டையில் அழுத்திய கூடுகளில்கூட குண்டைப் பிடிக்கும் பிடி ஒன்றுபோல் இருக்காது. குண்டை உள்ளே தள்ளும்போது ஒன்று வெண்ணெயாகப் போகும், அடுத்தது முரண்டு பிடிக்கும். தூரத்து இலக்கில் அந்த வேறுபாடு மேலும் கீழுமாகச் சிதறித் தெரியும். கடைசியில் கழுத்து நீளவாக்கில் பிளந்துவிடும்.

கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரம் அடிப்பவர்கள் தட்டி இறுகிய தகட்டை நெருப்பில் காய்ச்சி இளக்கி மறுபடி தட்டுவார்களே, அதே வேலையைத்தான் நாங்கள் கழுத்துக்கும் தோளுக்கும் செய்கிறோம். சில விநாடிச் சுடர் போதும். தகதகவென்று சிவக்க விட்டால் கழுத்து அளவுக்கு மீறி மெத்தென்று ஆகிவிடும். பித்தளையைப் பொறுத்தவரை தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும் மென்மை ஒன்றுதான். எஃகு அப்படி அல்ல. அடிப்பகுதிக்கு மட்டும் சூடு ஏறவே கூடாது. அழுத்தத்தைத் தாங்கும் கடினம் அங்கேதான் வேண்டும். அது இளகிய கூடு குப்பைக்கு. இளக்குவதால் கழுத்துக்கு மறுவாழ்வு கிடைக்கும், மேலே நண்பர் சொன்ன மெலிந்த சுவருக்குக் கிடைக்காது. போன பித்தளை திரும்பாது. புதிதாகக் கற்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இளக்கிய கூடு என்றால் புதுக்கூடு என்று நினைக்கிறார்கள். வெடிமருந்தைப் பற்றவைக்க அடியில் பொருத்தும் பிரைமர், விரல் அழுத்தத்திலேயே உள்ளே போனாலும் அந்தக் கூட்டைத் தூக்கிப் போடுங்கள். அதன் குழி தளர்ந்துவிட்டது.

மறுமொழி

உலோகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். சுடாமலே பிளக்கும் கூடுகளும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், இழுத்து வடித்ததில் பித்தளைக்குள் தங்கிய தகைவு, அதாவது உள்ளிறுக்கம், ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் இதை விளக்கினார்கள். தகைவைத் தணிக்க மிதமாகச் சூடாக்கினாலே விரிசல் நின்றுவிடும் என்பதும் தெரிந்தது.

டையில் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அதே தகைவைக் கழுத்துக்குள் நாம் ஏற்றுகிறோம். ஆகவே அம்மோனியா கலந்த பித்தளை மெருகுத் திரவங்களைக் கூடுகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சிட்ரிக் அமிலம் கொஞ்சம் கலந்த வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவைத்தால் போதும்.