ஒடியாப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பண்பாட்டுப் பாடம் எப்படி?

திருப்பூர் டீச்சர்:
பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்பது பேர் என் நான்காம் வகுப்பில் படிக்கிறார்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஒன்பது பேருமே 'இந்திக்காரங்க'. அதில் நாலு ஒடியாப் பிள்ளைகளுக்கு இந்தியே தெரியாது! பயிற்சியில் உலகக் குடிமை, பன்மைப் பண்பாடு என்றெல்லாம் சொன்னார்கள். சரி, திங்கட்கிழமை வகுப்பில் என்ன செய்வது?

பழைய வாத்தியார்:
மாறுவேடப் போட்டி மட்டும் வேண்டாம் டீச்சர், அது ஒரு நாள் கூத்து. சாப்பாட்டில் ஆரம்பியுங்கள். ஒடிசாவின் பகாளா நம்ம பழைய சோறுதான். மார்ச் 20-ஐ அதற்கென்றே கொண்டாடுகிறார்கள். என் வகுப்பில் ஒரு பெண் அந்த டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்து, "எங்க அம்மிச்சி இதுக்குச் சின்ன வெங்காயம் கடிச்சுக்கும்" என்றான். அப்புறம் நான் வாயே திறக்கவில்லை.

சிங்கை அம்மா:
இங்கே சிங்கப்பூரில், 1964-ல் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தின் நினைவாக ஜூலை 21 பள்ளிகளில் இன நல்லிணக்க நாள். மகள் வருடாவருடம் மலாய் உடை போட்டுப் போவாள். கலவரம் ஏன் வந்தது என்று ஆசிரியர் கேட்ட வருடம்தான் வீட்டில் வந்து அதைப் பற்றிப் பேசினாள்.

திருப்பூர் டீச்சர்:
வெங்காயம் நான் கொண்டுபோகிறேன். முதலில் அந்த ஒன்பது பேர் பெயரையும் சரியாக உச்சரிக்கப் பழகணும்.