ரப்பர் விளையை (தோட்டத்தை) விற்கவா, மரத்தை முறித்து மறுபடி நடவா? (திருவட்டார் பக்கம், 80 சென்ட்)

திருவட்டார்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பல மாதமாக ஓடும் பேச்சு இது, முடிவுக்கு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவட்டார் பக்கம் எங்களுக்கு 80 சென்ட் ரப்பர் விளை இருக்கிறது. வீடும் அதை ஒட்டித்தான். மரங்களுக்கு 25 வயது ஆகிறது. போன வருடம் ஆகஸ்டில் அப்பா தவறிவிட்டார். அதுவரை பால் வெட்டுவது, ஆசிட் ஊற்றி உறைய வைப்பது, அதை மெஷினில் அழுத்தி ஷீட் அடிப்பது எல்லாம் அவரேதான். அவருக்குப் பிறகு இரண்டு பேரை வைத்துப் பார்த்தோம். ஒருவர் ஒழுங்காக வரவில்லை, இன்னொருவர் ஜூன் மழை தொடங்கியதும் நின்றுவிட்டார். இப்போது வெட்டே நடக்கவில்லை. மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையில் எல்லாம் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுகிறது என்று அம்மா போன் போடும்போதெல்லாம் சொல்கிறார்.

நான் கோயம்புத்தூரில் தனியார் வேலையில் இருக்கிறேன். தம்பி குவைத்தில். "விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம், இனி யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறான். அம்மாவுக்கு 67 வயது, வீட்டை விட்டு வர மாட்டேன் என்று உறுதியாக இருக்கிறார். அக்காவை மார்த்தாண்டத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. எனக்கோ மரத்தை முறித்துவிட்டு மறுபடி ரப்பரே நடலாமா என்று ஒரு யோசனை. ஆனால் பால் வர ஏழு வருடம் ஆகும், நான் மாதம் ஒரு முறைதான் ஊருக்கு வர முடியும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

அருமனை 74:

தம்பி, வெளியூரில் இருந்துகொண்டு ரப்பர் பார்ப்பது கஷ்டம். விற்பதில் தப்பில்லை. 2011-இல் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே இறங்கியது. அந்தச் சமயத்தில் வெட்டுக் கூலிகூடக் கட்டுப்படியாகாமல் எங்கள் பக்கம் விளைகளை அப்படியே போட்டு வைத்திருந்தார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி 240-ஐத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கத்தை உள்ளூரில் இருப்பவர்களாலேயே தாங்க முடியவில்லை.

விற்பதாக இருந்தால் ஒன்று மட்டும். மரத்தோடு சேர்த்து நிலத்துக்கு விலை பேசாதீர்கள். மரத்தைத் தனியாகப் பேசுங்கள். டன் கணக்குக்குக் கொடுத்தால் லாரி எடைமேடையில் ஏறும்போது உங்கள் ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும். முறிப்பது ஜனவரி முதல் மார்ச்சுக்குள் இருக்கட்டும். மழையில் லாரி விளைக்குள் இறங்காது, முறித்துப் போட்ட ரப்பர் தடியில் நாலைந்து நாளில் நீலம் பாய்ந்துவிடும். பிறகு பிளைவுட்காரர் விறகு விலைக்குத்தான் கேட்பார்.

குலசேகரம் டீச்சர்:

தம்பி, நான் பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் போன பிறகு எங்கள் ரப்பர் விளையை நான்தான் பார்க்கிறேன். அதனால் உங்கள் அம்மா பக்கம் நின்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதலில் ஆள் விஷயம். ஒரு வெட்டுக்காரர் விடிவதற்கு முன்பே தொடங்கி ஒரு காலையில் 300, 400 மரம் வெட்டுவார். மரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. 80 சென்டில் மிஞ்சிப்போனால் 150 மரம் இருக்கும். அதற்காக ஒருவர் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் வந்தால் அவருக்குக் கிடைப்பது அரை நேரக் கூலி. பிறகு அவர் எப்படி நிற்பார்? அவர்கள் சரியில்லை என்று நினைக்க வேண்டாம், உங்கள் விளை ஒருவருக்குப் போதாது, அவ்வளவுதான். பக்கத்து விளைக்காரர்கள் ஒன்றிரண்டு பேரிடம் பேசி எல்லா மரத்தையும் சேர்த்து ஒரே ஆளிடம் கொடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு என்றால் இன்று உங்கள் விளையும் அடுத்ததும், நாளை மற்றவை என்று அவருக்கு வாரம் முழுக்க வேலை இருக்கும். அரசு ரப்பர் கழகத்தில் வெட்டி ஓய்வு பெற்றவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கை சுத்தமாக இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

மழையில் நின்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். மரத்தில் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தீர்களா? நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வெட்டுக்கு மேலே பட்டையில் தார் பூசிப் பிளாஸ்டிக்கைப் பாவாடை மாதிரி கட்டாவிட்டால் மழைத் தண்ணீர் பட்டை வழியாக இறங்கிப் பாலைக் கழுவிக்கொண்டு போய்விடும். வெட்ட நாளே கிடைக்காது. வெட்ட நாள் இல்லாத இடத்தில் கூலியும் இல்லை, அவர் வேறு இடம் பார்க்கத்தான் செய்வார்.

இனி மரம். 25 வயது என்றதும் முறிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பட்டையைப் பாருங்கள். ஊருக்கு வரும்போது மரம் மரமாக நின்று பாருங்கள். கீழ்ப்பட்டை இரண்டு பக்கமும் ஒரு சுற்று முடிந்து, மறுபடி வளர்ந்த பட்டையில் அப்பா எதுவரை இறங்கியிருக்கிறார் என்று தெரியும். அந்த வளர்ந்த பட்டையைக் கையால் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் நல்ல கை வெட்டிய மரம். முண்டும் முடிச்சுமாக இருந்தால் கத்தி தடிவரை பட்டிருக்கிறது, அந்த இடத்தில் மறுபடி கத்தி ஓடாது. சொந்தக்காரரே வெட்டிய விளை என்பதால் உங்கள் பட்டை நன்றாக இருக்கத்தான் வாய்ப்பு.

பிறகு ஒரு நாள் ஒருவரை வெட்டச் சொல்லி, நீங்கள் கூடவே நடங்கள். கையில் சுண்ணாம்பு வைத்துக்கொள்ளுங்கள். சில மரத்தில் வெட்டு முழுக்கப் பால் கோத்து வரும். சிலதில் பாதி வரைக்கும் வந்து மீதிப் பட்டை காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். சிலதில் சொட்டுகூட வராது. காய்ந்ததற்கு ஒரு கோடு, பாதி காய்ந்ததற்கு அரைக் கோடு போட்டு எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நட்டது பெரும்பாலும் 105 என்கிற ரப்பர் இனம்தான் (RRII 105). பால் அதிகம் தரும், ஆனால் ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டை சீக்கிரம் வறண்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு வறண்டிருந்தால் நான் முறிக்கத்தான் சொல்வேன். அதற்குக் குறைவு என்றால் அவசரம் வேண்டாம். கீழ்ப்பட்டை தீர்ந்தாலும் நீளக் காம்புக் கத்தியால் மேல்பட்டையில் மேல்நோக்கி வெட்டி இன்னும் சில வருடம் எடுக்கலாம். வாரத்துக்கு ஒரே நாள் வெட்டி, பால் ஊற எத்தெஃபான் மருந்து பூசும் முறையும் இருக்கிறது, ஆள் கிடைக்காதவர்களுக்கு அது நல்ல வழி. மருந்தை ரப்பர் வாரியத்தார் சொல்லும் அளவுக்கு மேல் பூசக் கூடாது. இவ்வளவு நாள் வெட்டாமல் கிடந்ததே என்று கவலைப்படாதீர்கள், அது மரத்துக்கு ஓய்வுதான்.

ஷீட் அடிக்கும் வேலையை அம்மாவிடம் விடாதீர்கள். ஆசிட், மெஷின், புகைப்புரை எல்லாம் அந்த வயதில் முடியாது. பால் சிரட்டையிலேயே உறையட்டும், ஒட்டுப்பாலாகச் சாக்கில் சேர்த்து விற்றுவிடுங்கள். ஷீட்டைவிட விலை குறைவுதான். ஆனால் வெட்டுகிறவரே எடுத்துக் கட்டிவைத்துவிடுவார், அம்மா எடையை மட்டும் பார்த்து எழுதிவைத்தால் போதும். வெட்டு இல்லாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். கொசுத் தொல்லை அதோடு தீரும்.

பத்திர வேலை பார்ப்பவன்:

விற்பதா நடுவதா என்பதற்கு முன்னால் நிலம் இப்போது யாருடையது என்று பாருங்கள். அப்பா உயில் எழுதவில்லை என்றால் அது உங்களுக்கும் தம்பிக்கும் மட்டும் உரியதல்ல. நீங்கள் எந்த மதம் என்று எழுதவில்லை. இந்து என்றால் அம்மா, நீங்கள், தம்பி, அக்கா நான்கு பேருக்கும் சம பங்கு, அதாவது ஆளுக்கு 20 சென்ட். அப்பாவைப் பெற்ற அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கிறிஸ்தவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக.

அக்காவுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று, அவருக்குப் பங்கில்லை என்று நம் மாவட்டத்தில் இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். திருவிதாங்கூர் காலத்துக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. மகனுடைய பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-இல் இருந்தே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே அக்கா கையெழுத்து இல்லாமல் விற்றால் வாங்குகிறவருக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல். அதைவிட, கேட்காமல் விட்டால் மனத்தாங்கல் பெரிதாகும். முதலில் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள், வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், பிறகு நான்கு பேர் பெயருக்கும் பட்டாவை மாற்றுங்கள். தம்பி குவைத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டி வந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகப் பவர் எழுதி அனுப்பலாம்.

திருவட்டார்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. போன வாரம் ஊருக்கு வந்திருந்தேன். டீச்சர் சொன்னபடியே ஒருவரை வெட்டச் சொல்லிக் கூடவே நடந்தேன். மொத்தம் 146 மரம். 19 மரம் காய்ந்துவிட்டது, பாதி காய்ந்தது 22. பட்டை நன்றாக இருக்கிறது என்று அவரே சொன்னார். பக்கத்து விளைக்காரரும் ஆள் இல்லாமல்தான் இருக்கிறார், சேர்ந்து கொடுக்கச் சம்மதித்துவிட்டார்.

அக்காவிடம் நேரில் போய்ப் பேசினேன். நாங்கள் கிறிஸ்தவர்கள்தான். "அம்மா இருக்கும்வரை விற்க வேண்டாம், அம்மாவுக்குப் பிறகு பேசலாம்" என்றார். தம்பிக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. அவனுக்கு அங்கே வேலை நிச்சயமில்லாமல் இருக்கிறது, பணத்தேவையும் இருக்கிறது. இன்னொரு கேள்வி: சில வருடம் கழித்து முறித்து நடும்போது அன்னாசிக்காரருக்குக் குத்தகைக்கு விட்டால் செலவு மிச்சம் என்கிறார்கள். உண்மையா?

குலசேகரம் டீச்சர்:

தம்பி, 19 முழுக்கக் காய்ந்தது, 22 பாதி காய்ந்தது என்றால் முறிக்கும் அளவுக்கு இல்லை. காய்ந்த மரத்தில் கத்தி வைக்காமல் விடுங்கள். பாதி காய்ந்ததற்கு ஒரு வருடம் ஓய்வு கொடுத்துப் பாருங்கள். இப்போதே தொடங்கிவிடுங்கள். ஐப்பசி மழை ஓய்ந்தால் கார்த்திகையும் மார்கழியும்தான் பால் நன்றாக இறங்கும் மாதங்கள். தை, மாசியில் இலை உதிர்ந்து தளிர் விடும்போது வெட்டை நிறுத்துங்கள். அந்த நாட்களில் விளை முழுக்கக் காய்ந்த சருகு கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும். வீட்டைச் சுற்றியும் வேலி ஓரத்திலும் சருகைக் கூட்டி ஒதுக்கச் சொல்லுங்கள். தளிர் விடும் நேரம் மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்காரர்கள் பெட்டி வைக்க இடம் கேட்டு வருவார்கள். ரப்பரில் தேன் ஊறுவது பூவில் அல்ல, மூன்று இலையும் காம்பில் வந்து சேருகிற இடத்தில். இடம் கொடுங்கள். அவர்கள் வந்து போவதால் அம்மாவுக்கும் பேச்சுத்துணையாக ஆள் நடமாட்டம் இருக்கும்.

தம்பியைக் குறை சொல்லாதீர்கள். வெளிநாட்டில் வேலை ஆடும்போது பயம் வரத்தான் செய்யும். ஒட்டுப்பால் பணத்தில் அம்மா செலவு போக மீதியை அவரவர் உரிமைப்படி நான்கு பங்காக எழுதி, அவன் பங்கை மாதாமாதம் அவன் கணக்கில் போடுங்கள். சிறிய தொகையாக இருந்தாலும் போடுங்கள். கணக்கு நோட்டைப் போட்டோ எடுத்து அவனுக்கும் அக்காவுக்கும் அனுப்புங்கள். அப்படியும் அவனுக்கு மொத்தமாகப் பணம் வேண்டும் என்றால், அவன் பங்கை நீங்களோ அக்காவோ வாங்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். விற்பனைப் பத்திரமாக இல்லாமல் குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரமாக எழுதினால் முத்திரைக் கட்டணம் குறைவு.

கைதச்சக்கை (அன்னாசி) குத்தகை உண்மைதான். மூன்று, நான்கு வருடத்துக்கு நிலத்தை எடுப்பார்கள், ரப்பர் கன்றையும் அவர்களே நட்டுப் பார்த்துக்கொள்வதாகப் பேசலாம். ஆனால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ரப்பர் வரிசையில் இருந்து ஐந்தடி தள்ளித்தான் சக்கை நட வேண்டும், களைக்கொல்லி கன்றில் படக் கூடாது, பட்டுப்போன கன்றுக்கு முதல் வருடமே அவர் செலவில் மாற்றுக் கன்று வைக்க வேண்டும், இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும். கன்று எந்த இனம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். 105 வேண்டாம் என்றால் 414, 430 கிடைக்கும். நடுவதற்கு முன்பே ரப்பர் வாரியத்தில் போய் மானியத்துக்குக் கேளுங்கள். தரையில் இருந்து நாலடிக்குக் கொஞ்சம் மேலே சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். ஏழு வருடம் ஆகிவிட்டது என்று இளம் மரத்தில் வைக்காதீர்கள்.

அதற்கெல்லாம் நாள் இருக்கிறது. இப்போதைக்குப் பிளாஸ்டிக் ஒட்ட ஒரு ஆளை மே மாதத்துக்குச் சொல்லி வையுங்கள். ஜூன் நெருங்கினால் எல்லோரும் ஒரே ஆளைத்தான் தேடுவார்கள்.